வலது கன்னம் தெளிந்துவிட்டது

செப்டம்பர் 11, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. என் மகள் இலிங்காவுக்குப் பதினோராம் வகுப்பு. போகவில்லை. வயிற்று வலியாம். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் எல்லாரையும் படிக்கட்டில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள், அதுதான் வலி. பதினேழு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டா போக முடியும்? விட்டுவிட்டேன்.

எனக்குக் காலை ஷிஃப்ட். டிப்போவுக்குப் போனால் என் டிராமுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். வண்டி நீளத்துக்கும் ஒரு பெண்ணின் முகம். உரித்த முட்டை மாதிரிக் கன்னம். பக்கத்தில் ஒரு கிரீம் குழாய். லூமிவேராவாம். இருபத்தெட்டே நாளில் பரு போய்விடுமாம். ஓட்டுநர் ஜன்னலுக்கு நேர் கீழே அவளுடைய மூக்கு வருகிறது.

பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "டோரின், உள்ள நீ, வெளிய அவ. கிரீம் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு, போட்டதுக்குப் பின்னாடி ஒண்ணு, விளம்பரம் அம்சமா இருக்குடா!" என்றார்கள். என் முகத்தில் இருக்கிற குழிகளை வைத்து முப்பது வருஷமாகக் கேட்கிற கேலிதான். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 16, சனி

பார்சல் வேன் வந்தது. சந்தைக்குப் பின்னால் நின்று இத்தாலியிலிருந்து யார் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று டிரைவர் பெயர் கூப்பிடுவான், நாங்கள் ரேஷன் வாங்குகிற மாதிரிக் கூடி நிற்போம். என் மனைவி ஒதிலியா அனுப்பியது: ஆலிவ் எண்ணெய், காபி, சோப்புத்தூள். அப்புறம் ரிப்பன் கட்டிய ஒரு பெட்டி. அதன் மேல் என் டிராமில் இருக்கிற அதே முகம்.

ஒதிலியா பாதுவாவில் பியெரினா அம்மா என்கிற கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். நாலு வருஷம் ஆகிறது. கிழவிக்குத் தொண்ணூற்றொரு வயது, காது கேட்காது, அதனால் டிவி நாள் முழுக்க அலறும். இந்த விளம்பரம் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை வருகிறதாம். எண்ணியிருக்கிறாள், பாவம். அந்த வீட்டில் அவளிடம் பேசுவது அந்த டிவி ஒன்றுதான்.

சாயங்காலம் போன் பண்ணினாள்.

"கேமராவப் போடு கண்ணு. பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"போன் கீழ விழுந்துடுச்சும்மா. கேமரா வேலை செய்யல."

போன் விழவே இல்லை. இலிங்கா என்னைப் பார்த்தாள். என்னுடையது பொத்தான் போன், அதில் படம் கிடையாது. ஒதிலியா என்னிடம் கேட்டாள்: "டோரின், நீ சொல்லு, பரு கொறைஞ்சிருக்கா?"

கொறைஞ்சிருக்கு என்றேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்டில் ஒதிலியா வந்திருக்க வேண்டும். கிழவி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதால் வர முடியவில்லை. இந்த ஜனவரியில் லீவு முடிந்து அவள் இங்கிருந்து கிளம்பியபோது இலிங்காவுக்கு நெற்றியில் நாலைந்து பரு, அவ்வளவுதான். இப்போது கன்னம் இரண்டிலும் தாடையிலும் கட்டி கட்டியாக. சீழ் வைத்து, உடைந்து, அதன் பக்கத்திலேயே இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது? ஜூனில் ஒரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒதிலியாவே அழுதாள். "அவளுக்கு ஒரு கிரீம் வாங்கி அனுப்ப முடியுது, அதுக்காகவாவது நான் இங்க இருக்கேன்" என்றாள். அதற்கு மேல் யாருக்கு வாய் வரும்?

எங்கள் ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான். வெளியே போனவர்களிடம் இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்போம். அவர்களும் அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

அக்டோபர் 9, திங்கள்

இலிங்காவின் தலையணை உறையைத் துவைக்கப் போட்டேன். ரத்தமும் சீழும். இரண்டு தண்ணீரில் அலசியும் போகவில்லை.

சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தேன். அதுவா போயிடுச்சு."

அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். விரல் ஒரு குழியில் நின்றது. "போயிடுச்சா? எங்கப்பா போச்சு?" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. பயந்து போய்க் கேட்டாள். முப்பது வருஷமாக இந்த முகத்தை யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைத்ததில்லை. இன்று உறைத்தது.

அக்டோபர் 30, திங்கள்

மாடிப்படியில் மூன்றாம் மாடி அக்லாயா அக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு பை நிறையக் காய்ந்த பூச்செடி. அதற்கு எங்கள் பக்கத்தில் 'புள்ளி விழுந்த மூன்று அண்ணன் தம்பி' என்று பெயர். கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"ரத்தத்துல அழுக்குடா தம்பி. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

"அதுக்குப் பதினேழுதான் ஆகுது அக்கா."

"அதுவரைக்கும்தான் கஷாயம்."

இலிங்கா குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கு இருக்கிற புள்ளி போதாதா, இன்னும் மூணு பேரா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

நவம்பர் 12, ஞாயிறு

நேற்று மூன்றாவது பெட்டி வந்தது. இப்போது நாலு படி. முதலில் நுரை, அடுத்து எரிகிற தண்ணீர், பிறகு கிரீம், ராத்திரிக்கு இன்னொரு கிரீம். ஒதிலியா டிவியைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் போனில் ஒப்பிக்க வைக்கிறாள், சர்ச்சில் ஜெபம் சொல்லுகிற மாதிரி. அந்த எரிகிற தண்ணீரால் இலிங்காவின் தோல் தக்காளி நிறத்தில் உரிகிறது.

இன்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வலது கன்னம் சுத்தமா தெளிஞ்சிடுச்சும்மா. இடது பக்கம் மட்டும் ரெண்டு. அதுவும் காஞ்சு போச்சு."

"பார்த்தியா! நான் சொன்னேன் இல்ல! பியெரினா அம்மா காதுல கத்திச் சொல்லிட்டேன், கை தட்டுச்சு கிழவி."

"பெருசா ஒண்ணு தாடையில இருந்துச்சே, அது அமுங்கிடுச்சு."

"கைய வைக்காத. அதை மட்டும் தொடாதடி கண்ணு."

நாற்பது நிமிடம். இல்லாத ஒரு முகத்தை இலிங்கா ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் ஒதிலியாவின் சிரிப்பு. நாலு வருஷத்தில் அம்மாவும் பெண்ணும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

நவம்பர் 27, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து மருந்துக் கடைக்குப் போனேன். அங்கேயும் அதே முகம், ஆள் உயர அட்டையில். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், இது வேலை செய்யுமா என்று.

"நல்லா போகுது சார்."

"போகுதுன்னா விக்குதுன்னு அர்த்தம். பரு போகுமா?"

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வீட்ல யாருக்கு? ரொம்ப இருந்தா டாக்டரப் பாருங்க சார்" என்றாள் மெதுவாக, முதலாளிக்குக் கேட்காமல்.

வீட்டில் இலிங்காவிடம் சொன்னேன். "கிறிஸ்துமஸுக்கு அம்மா வர்ற வரைக்கும் வேண்டாம்ப்பா. டாக்டர்கிட்ட போனா அம்மா அனுப்பினது எதுவும் பலிக்கலன்னு ஆயிடும்" என்றாள். சரி, இன்னும் மூன்று வாரம்தானே என்று விட்டேன். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

தாடையில் இரண்டு கட்டி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. வாயைத் திறந்து சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 20, புதன்

ஒதிலியா வந்துவிட்டாள்.

பஸ் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவளோ பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, இலிங்காவுக்கு நல்ல கேமரா உள்ள புதுப் போன் வாங்கியிருப்பதைச் சொன்னாள். "இனிமே தினமும் என் பொண்ணு மூஞ்சியப் பார்ப்பேன்" என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இலிங்கா கதவைத் திறந்தாள். சால்வை இல்லை, பவுடர் இல்லை. கழுவிய முகத்தோடு, கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒளிந்து ஒளிந்து அலுத்துவிட்டது போலிருக்கிறது.

ஒதிலியா கிட்டே வந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். எங்கே தொட்டாலும் வலிக்கும் என்று தெரிந்து கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு தலைமுடியில் வைத்தாள்.

"வலது கன்னம்னு சொன்னியேடி…"

"நீ சொன்ன எல்லாத்தையும் போட்டேம்மா. ஒரு நாள் விடல. சத்தியமா ஒரு நாள் விடல."

அப்புறம் ஒதிலியா என் பக்கம் திரும்பினாள். "நீ இங்கதானே இருந்தே. நீ தினமும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே!"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன், வேற ஒண்ணும் பண்ணல.

டிசம்பர் 21, வியாழன்

ஒதிலியாவின் பெட்டியில் துணி கொஞ்சம்தான். மீதி முழுக்க லூமிவேரா. ஆறு மாதத்துக்கு வருமாம். அதை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அப்புறம் அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

ஜனவரி 4, வியாழன்

மூன்று பேருமாகத் தோல் டாக்டரிடம் போனோம். டாக்டர் உர்ஸாக்கே. ஐம்பது வயதிருக்கும், குரல் கொஞ்சம் கரடுமுரடு. விளக்கைக் கிட்டே வைத்து இலிங்காவைப் பார்த்தாள். அடுத்து என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். யார் வழி வந்தது என்று கேட்கவே இல்லை.

"ஆறு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள். "பருவ நிறுத்திடலாம். விழுந்த குழி நிறைய இருக்கும். பின்னாடி அதுக்கும் வைத்தியம் இருக்கு, ஆனா முழுசா மறையாது."

ஒதிலியா கைப்பையிலிருந்து கிரீம் குழாயை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இது எதுவுமே வேலை செய்யாதா டாக்டர்? டிவியில பொய்யா சொல்றாங்க?"

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தாள். "பொய்னு சொல்ல முடியாதும்மா. இதுல இருக்கிற ஒரு மருந்து நல்ல மருந்துதான். நெத்தியில நாலு பரு வந்தா அதுக்கு இது போதும். டிவியில வர்ற பொண்ணுக்கு இருந்தது அந்த நாலுதான். உங்க பொண்ணுக்கு இருக்கிறது தோலுக்கு அடியில. மேல எவ்வளவு பூசினாலும் அங்க போகாது. அதோட நாலு படியும் சேர்த்துப் போட்டா தோல்தான் வெந்து போகும்."

மாத்திரை எழுதிக் கொடுத்தாள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் கூடவே கூடாது என்று இலிங்காவிடம் நேராகச் சொன்னாள், அதற்கும் பரிசோதனை உண்டு. முதல் மாதம் இன்னும் கூடும், பயப்படக் கூடாது. உதடு வெடிக்கும். மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் ஒட்டாது.

வெளியே வந்ததும் ஒதிலியா குழாயைக் குப்பைத் தொட்டியில் போடப் போனாள். இலிங்கா வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கைக்காவது போட்டுக்கறேன்மா" என்றாள்.

ஜனவரி 7, ஞாயிறு

ஒதிலியா போய்விட்டாள். பஸ் கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

டாக்டர் சொன்ன மாதிரியே முதலில் கூடியது. அந்த மூன்று வாரமும் நரகம். இப்போது அடங்க ஆரம்பித்திருக்கிறது. உதடு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, சிரித்தால் ரத்தம் வருகிறது.

ஒதிலியா தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறாள்.

"மாத்திரை சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ரத்தப் பரிசோதனை?"

"வர்ற வாரம்."

"சரி. அப்பாகிட்ட குடு."

புதுப் போனில் கேமரா இருக்கிறது. ஒதிலியாதான் போடச் சொல்வதில்லை.

மார்ச் 27, புதன்

தவக்காலம். கட்டடம் முழுக்க அவரைக்காயும் ஊறுகாயுமாக நோன்பு இருக்கிறது. நான் மட்டும் என் பெண்ணுக்குத் தினமும் பன்றிக்கொழுப்பில் முட்டை பொரிக்கிறேன், மாத்திரைக்காக. வாசனை படிக்கட்டெல்லாம் இறங்குகிறது. இன்று அக்லாயா அக்கா கதவைத் தட்டிவிட்டாள்.

"வெக்கமா இல்லையாடா? ஆண்டவர் பாடுபடுற நாள்ல!"

"டாக்டர் சொன்னது அக்கா. கொழுப்பில்லாம மருந்து ஏறாது."

எட்டி இலிங்காவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கன்னம் நல்லாத்தான் வத்தியிருக்கு" என்று முணுமுணுத்தாள். பிறகு, "ஜன்னலயாவது திறந்து வை. எனக்கு நாக்கு ஊறுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 5, ஞாயிறு

ஈஸ்டர். எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு அது தாமதமாகத்தான் வரும். இலிங்காவின் முகத்தில் ஒரு பரு இல்லை. குழிகள் இருக்கின்றன, வலது கன்னத்தில் ஏழு, இடதில் எண்ணவில்லை. ஆனால் ஈஸ்டர் வழக்கப்படி சிவப்புச் சாயம் போட்ட முட்டையை என் முட்டையோடு மோதி உடைத்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். சர்ச்சில் அவளுடைய தோழிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். ஆண்டவரே, போதும் என்று தோன்றியது.

ஒதிலியா போன் பண்ணினாள். இரண்டு நிமிடம்.

ஜூன் 15, சனி

பார்சல் வந்தது. எண்ணெய், காபி, சோப்புத்தூள்.

இலிங்காவிடம், "அம்மாகிட்ட கொஞ்ச நேரம் பேசேன்மா" என்றேன்.

"என்னப்பா பேசறது?"

"பரீட்சையப் பத்திப் பேசு. கூடப் படிக்கிற பிள்ளைங்களப் பத்தி…"

"பேசினேன். 'நல்லது'ன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "நான் பொய் சொன்னப்பதான்ப்பா அம்மா என்கிட்ட நிறைய பேசினாங்க."

இலிங்காவுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஒதிலியா போனாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, ஒதிலியாவுக்குத் தெரியாது. பரு ஒன்றுதான் தெரியும். அது ஒன்றைத்தான் இரண்டு பேரும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குணப்படுத்திவிட்டோம்.

ஜூலை 22, திங்கள்

பியெரினா அம்மா போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஒதிலியாதான் கண்ணை மூடிவிட்டாளாம்.

"அப்ப வந்துடு ஒதிலியா" என்றேன். "போதும். நாலே முக்கால் வருஷமாச்சு. என் சம்பளம் போதும், பார்த்துக்கலாம்."

அவளுக்குப் பின்னால் டிவி கூட இப்போது அலறவில்லை.

"வெரோனாவுல ஒரு தாத்தா இருக்காரு. ரெண்டு காலும் வராது. ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க."

"ஆகஸ்டுக்காவது வாயேன். இலிங்காவுக்குப் பதினெட்டு முடியுது."

"அவளுக்குத்தான் எல்லாம் சரியாயிடுச்சே, டோரின். நான் வந்து என்ன பண்ணப்போறேன்? அந்தத் தாத்தாவ யாராவது தூக்கி உட்கார வைக்கணும்."

இலிங்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பிறந்தநாள் முடிந்தது. கேக் பெரிது. மீந்துவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். "இனிமே வராதுன்னு நெனக்கிறேன். உன் தோலப் பார்த்தா எனக்கே சந்தோஷமா இருக்கு" என்றாள். இலிங்கா நன்றி சொன்னாள். டிராமில் திரும்பி வரும்போது அழுதாள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

செப்டம்பர் 14, சனி

மத்தியானம் புளிப்பு சூப் வைத்துக்கொண்டிருந்தேன். இலிங்கா ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, அவளாகவே வெரோனாவுக்குப் போன் போட்டாள். அவளாகப் போடுவது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"அம்மா, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல… நெத்தியில மறுபடியும் ஒண்ணு வந்திருக்கும்மா. ஆமா, பெருசுதான். வலிக்குது. என்ன போடட்டும்?"

கரண்டியோடு திரும்பினேன். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

"காட்டு, பார்க்கலாம்" என்றது ஒதிலியாவின் குரல்.

"இங்க வெளிச்சம் பத்தலம்மா."

ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள் ஒதிலியா. இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"சரி, நான் சொல்றதக் கேளு" என்றாள். "முதல்ல கைய எடு அங்கிருந்து. தொடாத. வெந்நீர் வை, ரொம்பக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற அளவுக்கு…"

"இரும்மா, எழுதிக்கறேன்."

பேப்பர் ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். ஒதிலியா பேசிக்கொண்டே போனாள். தாத்தாவைப் பற்றிச் சொன்னாள், தன் முதுகு வலியைப் பற்றிச் சொன்னாள், தான் பதினேழு வயதில் எப்படி இருந்தாள் என்று எனக்கே தெரியாத எதையோ சொன்னாள். சூப் ஆறிவிட்டது. இரண்டு தடவை சூடு பண்ணினேன்.